கிண்ணத்தில் மிஞ்சியது

அந்த நாய்க்கு வயிறு கெட்டது மழை ஆரம்பித்த வாரத்தில். எனக்கு அது நன்றாக நினைவிருக்கக் காரணம் உண்டு. மழை வந்தால் என் கடையில் வேலை இரட்டிப்பாகிவிடும். நாய், பூனை, கிளி, மீன் எல்லாவற்றுக்கும் தீனி விற்கிற கடை. மூட்டைகளைத் தரையிலிருந்து பலகை மேல் ஏற்ற வேண்டும். பிரித்த மூட்டைகளின் வாயை இறுக்கிக் கட்ட வேண்டும். ஈரக்காற்று பட்டால் காய்ந்த தீனி நமுத்துப் போகும். நமுத்ததை எந்த நாயும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நான் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு வில்லையை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பது. நறுக்கென்று உடைந்தால் சரி. இதைப் பார்க்கும்போதெல்லாம் என் தம்பி, "டிபன் ஆச்சா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

தம்பிக்கு வேலை எதிர்ச்சாரியில் இருக்கிற இரும்பு யார்டில். லாரியில் வந்து இறங்குகிற குழாய்க் கட்டுகளுக்குச் சங்கிலி சுற்றிக் கிரேனின் கொக்கியில் மாட்டிவிடுகிற வேலை. அவன் கீழே நின்று வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல, மேலே கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் கட்டைத் தூக்கி நகர்த்தி வைப்பார். என் கடை வாசலில் நின்றாலே மதில் சுவருக்கு மேல் அந்த மஞ்சள் கிரேனும் கூண்டும் தெரியும். கூண்டில் இருக்கிறவரை யார்டில் எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்பார்கள். காலையில் அறுபத்திரண்டு படி ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். இருபது வருஷமாக அந்த வேலை. அவர் வைக்கிற கட்டு தரையைத் தொடும்போது கீழே ஒரு முட்டையை வைத்திருந்தாலும் உடையாது என்று என் தம்பி பெருமையாகச் சொல்வான்.

மேல்வீட்டுக்காரரின் வீடு உண்மையில் கீழ்வீடுதான். என் கடைக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், தரைத்தளத்தில் இரண்டு அறை. முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்து விடுவது, கால் நீளத்தைக் குறைப்பது என்று மற்றவர்கள் தைத்ததைத் திருத்துகிற வேலை. தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். பிள்ளைகள் இல்லை. நாய் ஒன்று உண்டு. யார்டு குப்பைக்குள் குட்டியாகக் கிடந்ததை அவர்தான் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தார். வருகிறவர் போகிறவர் பையையெல்லாம் முகர்ந்து சோதனை போட்டதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

தையல்காரி முதலில் வந்து சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய்க்கு வெளியே போவது தண்ணீராகப் போகிறது, எந்நேரமும் தூங்குகிறது, எழுந்தால் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்றாள். ஆனால் பசி மட்டும் குறையவில்லை. கிண்ணத்தை நக்கி முடித்து அவள் முகத்தைப் பார்க்கிறது, வாளித் தண்ணீரைக் காலி செய்கிறது. நாய் டாக்டரிடம் காட்டியிருந்தாள். அவர் பூச்சி மருந்து கொடுத்தார், கழிவைச் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படாததால், வயிறு மென்மையான வயிறு, தீனியை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அதுவரை சாப்பிட்டது டப்பாவில் வருகிற ஈரத் தீனி. ஈரமானது சுலபமாக இறங்கும், நீர்ச்சத்தும் சேரும். ஆனால் சில நாய்களுக்கு அதுவே வயிற்றை இளக்கிவிடும். காய்ந்த தீனி வயிற்றைக் கட்டும், ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்கிற நாயாக இருக்க வேண்டும். இந்த நாய்தான் வாளி வாளியாகக் குடிக்கிறதே, காய்ந்ததுக்கே போ என்று நான் சொன்னேன். ஒரே நாளில் மாற்றாதே, முதல் நாள் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்று என்றும் சொன்னேன். பதினைந்து வருஷமாக இதே வார்த்தைகளைத்தான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேல்வீட்டுக்காரரே கடைக்கு வந்தார். நாய்த் தீனி விஷயமாக அவர் என் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டருக்கு எட்டு வயசாகிவிட்டது, பல் தேய்ந்துவிட்டது, காய்ந்ததை மெல்லும்போது ஈறு கிழியும், டப்பாத் தீனியே இருக்கட்டும் என்று எனக்கு வகுப்பெடுத்தார். நான் அந்த நாயின் பல்லைப் பார்த்திருக்கிறேன், அது செருப்பையே இரண்டாக்குகிற பல் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேறு கம்பெனி டப்பா ஏதாவது கொடுங்கள், நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆறு டப்பா வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் தையல்காரி அந்த ஆறையும் திருப்பிக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன் தட்டில் என்ன இருக்கிறது என்றே பார்க்காத மனுஷன், நாய்த் தட்டுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு பேச்சு பேசுகிறார் என்று கேட்டாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அவர் பேச்சில் ஒரு துளி சந்தேகம்கூட எனக்கு வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கடைசியில் ஜெயித்தது அவள்தான். நாய்க்குச் சாப்பாடு வைப்பது மட்டும் எப்போதும்போல அவர் வேலையாகவே இருந்தது. அவள் கிண்ணத்தில் அளந்து போட்டுத் தருவாள், அவர் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலமும் அப்படியே.

ஐந்தாம் நாள் காலையில் கிண்ணத்தில் முழுக்கக் காய்ந்த தீனி. அன்று ஒன்பதரை மணி இருக்கும், தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு கடைக்குள் வந்தாள். கையில் ஒரு துண்டுத் துணி. அதை என் முன்னால் விரித்தாள்.

"அக்கா, உங்க மூட்டைல என்னமோ கலந்திருக்கு. கிண்ணத்தக் கழுவப் போறப்ப அடியில ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. இதச் சாப்பிட்டு அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

துணியில் மிளகு அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொருள், தீனித்தூளும் எச்சிலும் பூசிப் பழுப்பாக இருந்தது. தீனியில் கலப்படம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் கடையை மூட வேண்டியதுதான். நான் மறுபேச்சில்லாமல் அந்த மூட்டையை இழுத்துப் பிளாஸ்டிக் விரிப்பில் கவிழ்த்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கையால் பரப்பிப் பரப்பித் தேடினோம். தூள் பறந்து அவள் நாலு தடவை தும்மினாள். அதுபோல இன்னொன்று அகப்படவில்லை. பிறகுதான் எனக்குத் தோன்றி, அந்தப் பொருளை ஈரத் துணியால் துடைத்தேன். பழுப்பு போய் வெள்ளையானது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் இரண்டு எழுத்து.

"இது மாத்திரைம்மா," என்றேன். என் மூட்டையில் இல்லை என்கிற நிம்மதியில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அவள் அதை என் கையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினாள், அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கிற மாதிரி. அழுத்திய விரல் அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, அவர் எங்க?" என்றாள்.

அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். மதிலுக்கு மேல் கிரேன் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கொக்கியில் ஒரு குழாய்க் கட்டு, பத்து ஆள் நீளம். கீழே திறந்திருந்த கேட் வழியாக என் தம்பியின் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது.

விரிப்பில் கொட்டிக் கிடந்த தீனிக்கு நடுவே உட்கார்ந்தபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேல்வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு. முதல் தடவை வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளியலறையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது. இரண்டாவது ஏழு மாதத்துக்கு முன்னால், வீட்டு வாசலில். பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டக்கூடாது, உயரத்தில் ஏறவே கூடாது, காலையும் சாயங்காலமும் இந்த மாத்திரையை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். யார்டில் சொன்னால் அன்றோடு கிரேன் போய்விடும். அவருக்கு வேறு வேலை தெரியாது. ஒரு ராத்திரி முழுக்கப் பேசி இரண்டு பேருமாக மறைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"மாத்திரைய நான் பாத்துக்கறேன்னுதாங்க்கா வாயத் தொறக்கல. தெனம் ரெண்டு வேளை, என் கையால எடுத்துக் குடுத்து, தண்ணியும் குடுத்து, அவர் முழுங்கறதப் பாத்துட்டுத்தான் நகருவேன். அந்த ஒரு மாத்திரைய நம்பித்தான் அவர மேல ஏத்தி விட்டுட்டு இருந்தேன்."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள், என் கண் மட்டும் அந்த மஞ்சள் ஹெல்மெட்டை விட்டு அகலவில்லை. இத்தனை நாளாக அதே கட்டுக்குக் கீழே நின்றுவிட்டு வந்துதான் அவன் என் கடையில் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

கூண்டுக்குள் போன் எடுத்துப் போகக்கூடாது என்பது யார்டின் சட்டம். கீழே நின்று கத்தினால் பதறிவிடுவார். தம்பியின் போனுக்கு அடித்து, மேல்வீட்டுக்காரர் நாய்க்கு ரொம்ப முடியவில்லை, கையில் இருக்கிற கட்டை இறக்கிவிட்டு அவரை உடனே வரச் சொல் என்றேன். வேறு எதுவும் சொல்லாதீர்கள் என்று தையல்காரி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நாய்க்காகவெல்லாம் கிரேனை நிறுத்துவார்களா என்று தம்பி முணுமுணுத்தான், ஆனாலும் சொன்னான். கட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சங்கிலி தளர்ந்து கொக்கி தனியாக ஆடுகிறவரை நாங்கள் இரண்டு பேரும் வாசலை விட்டு நகரவில்லை.

அவர் கடைக்குள் வேகமாக வந்தார். "இன்ஸ்பெக்டருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தரையில் கொட்டிக் கிடந்த தீனியையும் அவள் நீட்டிய உள்ளங்கையையும் பார்த்ததும் நின்றுவிட்டார். மறுக்கவில்லை. பொய் சொல்லவும் முயற்சி செய்யவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"எத்தன நாளா?" என்றாள்.

காலை மாத்திரையை நாலு மாதமாக. சாயங்கால மாத்திரையையும் சேர்த்து ஆறு வாரமாக. கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், டப்பாத் தீனியில் விரலால் புதைத்துவிடுவாராம். வாஷ்பேசினில் துப்பிய ஒன்று ஒருநாள் சல்லடையில் தங்கிவிட்டதாம், அவள் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டார். நாய்க்குள் போனால் தடயமே இருக்காது, இவ்வளவு பெரிய நாயை இத்துனூண்டு மாத்திரை என்ன செய்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

"நீ என்ன மனுஷன்?" என்றாள் தையல்காரி. அவரை அவள் 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அக்கா, நீங்க கேளுங்க. அந்த மாத்திரையப் போட்டா மூளை லீவர இழுன்னு சொல்லுது, கை ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் இழுக்குது. மேல ரெண்டு செகண்டுன்னா எவ்வளவு தூரம் தெரியுமா? ஒரு நாள் உங்க தம்பி தலைக்கு மேல கட்ட நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்த முடியல. ஒரு முழந்தான் இடைவெளி. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். மாத்திரை போட்டுக்கிட்டு ஏறுறதுதான் ஆபத்து. விட்டதுக்கப்புறம் என் கை பழைய கை. நாலு மாசத்துல மேல ஒரு தடவைகூட எனக்கு வரல."

அவர் அதைப் பாவம் செய்தவர் போலச் சொல்லவில்லை. என் தம்பியைக் காப்பாற்றியவர் போலத்தான் சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கே எது சரி என்று குழம்பிவிட்டது.

அப்படியென்றால் ஏறாமல் இருக்க வேண்டியதுதானே என்று தையல்காரி கேட்டாள். ஏறாமல் இருப்பது என்று ஒன்று அவர் கணக்கிலேயே வரவில்லை போலிருந்தது. கடைசியில் காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் லீவு போடுவது, அதற்குள் யோசித்து யார்டில் அவரே சொல்லிவிடுவது என்று ஒப்புக்கொண்டார். அதுவரை தம்பியிடம் நான் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். மூன்று நாள் அவர் மேலே ஏறப்போவதில்லையே, என்ன ஆகிவிடும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அந்த மூன்று நாளும் தம்பி வந்து "டிபன் ஆச்சா அக்கா?" என்று கேட்டபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தக் களேபரத்தில் நாயை எல்லோரும் மறந்துவிட்டோம். அது நன்றாகத்தான் இருந்தது. மாத்திரை நின்றதும் தூக்கம் தெளிந்து, கால் ஊன்றி நடந்து, வயிறும் கட்டிவிட்டது. சந்து முனையில் தபால்காரர் பையைச் சோதனை போட்டுவிட்டு வந்ததாகத் தையல்காரி சொன்னாள். மேல்வீட்டுக்காரர் மாத்திரையை மறுபடி போட ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டேன். அட்டையை மேஜை மேல் வைத்திருப்பதாகவும், இனி தன் கையால் எடுத்துத் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டதாகவும், அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கடையைப் பாதி இறக்கிவிட்டு நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து வேலைக்குப் போடுகிற பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு ஏறப்போகிறார்.

தையல்காரி மெஷினை நிறுத்தாமலேயே சொன்னாள், இவ்வளவு நேரமும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று. அவர் என்னை உட்காரச் சொன்னார். இரண்டு வருஷத்தில் இரண்டே தடவை, அதுவும் ஒரு நிமிஷ சமாசாரம் என்றார். "விழுந்தேன், எழுந்தேன். வாயில கொஞ்சம் ரத்தம், ஒடம்பு வலி. அவ்வளவுதான். இவதான் ஊதி ஊதிப் பெருசாக்குறா."

அப்போது மெஷின் பக்கத்தில் படுத்திருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றது. சுவரைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. தலை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பிறகு மரம் சாய்வது போல முழு உடம்பும் பக்கவாட்டில் விழுந்தது. நாலு காலும் விறைத்து நீண்டு, உடனே படபடவென்று ஓட ஆரம்பித்தன. படுத்த இடத்திலேயே ஓடுகிற மாதிரி நகங்கள் தரையைப் பிராண்டின. தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நுரை வந்தது. அடியில் ஈரம் பரவியது. கண் திறந்தே இருந்தது, ஆனால் அதில் நாய் இல்லை.

அவர் பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அதன் தலையைப் பிடிக்கக் குனிந்தார்.

"வாய்கிட்ட கைய வைக்காதீங்க. அமுக்காதீங்க. முக்காலிய நகத்துங்க," என்றாள் தையல்காரி.

சத்தம் போடவில்லை. ஒரே வீச்சில் மெஷினின் இரும்புக் காலை இழுத்துத் தள்ளினாள், மடித்து வைத்திருந்த யாரோ ஒருவருடைய பேண்ட்டை நாயின் தலைக்கு அடியில் செருகினாள், ஜன்னல் கதவைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். கத்தரிக்கோலையும் குண்டூசி டப்பாவையும் எப்போது எடுத்து மேலே வைத்தாள் என்றே தெரியவில்லை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் நாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கைகளைப் பார்த்தார்.

ஓட்டம் மெதுவாகிக் கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"ஒண்ணே முக்கால் நிமிஷம்," என்றாள்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"ரெண்டு தடவை செஞ்சிருக்கேனே."

அவர் நாயின் பக்கம் திரும்பினார். "நானும் இப்படித்தானா?"

அவள் நாயின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இது சத்தம் போடல. நீங்க சத்தம் போட்டீங்க. ரெண்டாவது தடவை மூணு நிமிஷம். எந்திரிச்சப்புறம் என்னை யாருன்னு கேட்டீங்க."

இதை அவள் ஏழு மாதமாக அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் மனசு உடைந்துவிடும் என்று விட்டிருக்கிறாள். அவரும் தான் கீழே விழுந்து எழுந்த ஒரு நிமிஷத்தைத்தான் வலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நடந்தது எதையும் அவர் பார்த்ததே இல்லை. நாய் தள்ளாடி எழுந்து, சுவரில் மோதி, மேஜைக்காலைப் பார்த்து வாலை ஆட்டியது. அவர் கூப்பிட்டபோது யாரோ என்பது போல விலகிப் போனது. அதைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தவர்தான், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

நாய் டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். இந்தத் தடவை மாத்திரை விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் எங்கள் மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார். மாதக்கணக்கில் உள்ளே போய்ப் பழகிய மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு இல்லாத உடம்புக்கும் வலிப்பு வரும், முதலில் இப்போது ஒன்று கொடுங்கள், பிறகு வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், நாளைக்கே கொண்டு வாருங்கள் என்றார். தையல்காரி மேஜையிலிருந்த அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். அவர் கையை நீட்டி, "எனக்கும்," என்றார். விழுங்கிவிட்டு, யாரும் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாலிஷ் போட்ட பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்போடு கிளம்பினார். ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டும், கீழே நிற்கிற தலை அவனுடையது என்று என்னிடம் சொன்னார். நாயைத் தூங்க வைத்துவிட்டு நாங்களும் கூடப் போனோம். சாப்பாட்டு நேரம். தம்பி யார்டு கேட்டை ஒட்டிய சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவர் அவன் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஒன்று விடாமல் சொன்னார். இரண்டு வலிப்பு, டாக்டர் சொன்னது, மறைத்தது, நாய்க் கிண்ணம், எல்லாம். கடைசியில், மேலே இருக்கும்போது மட்டும் ஒரு தடவையும் வரவில்லை, அது ஒன்றுதான் என் அதிர்ஷ்டம் என்றார்.

தம்பி ரொட்டியைப் பொட்டலத்தில் திருப்பி வைத்தான். கோபப்படுவான், கையை ஓங்கினாலும் ஓங்குவான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"வந்துச்சுண்ணே," என்றான்.

யாருக்கும் புரியவில்லை.

"மூணு வாரம் ஆச்சு. பெரிய மழைக்கு மறுநாள். ஆறு அங்குலக் குழாய்க் கட்ட தூக்கிட்டு வந்தீங்க. பாதியில வாக்கி டாக்கில ஒரு சத்தம். மாடு கத்துற மாதிரி. நான் கூப்பிடக் கூப்பிடப் பதிலே இல்ல. கட்டு அப்படியே அந்தரத்துல நிக்குது. உங்க கை லீவர விட்டதாலதான் அது நின்னுச்சு, இல்லன்னா எங்க போயிருக்குமோ. ரொம்ப நேரம் கழிச்சு, 'என்ன சொன்ன?'ன்னு கேட்டீங்க. நாக்கு குழறிச்சு."

"தூங்கிட்டேன்," என்றார் மேல்வீட்டுக்காரர். "அன்னைக்கு ஒரு நிமிஷம் கண்ண அசந்துட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். சொன்னா உங்க வேல போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல."

தையல்காரி மதிலைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவர் நாக்கில் காயத்தோடு வந்தாராம். ரொட்டி கடிக்கும்போது பல் பட்டுவிட்டது என்று சொன்னாராம். அவள்தான் உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் யாரோ வேறு ஒருத்தியின் குரல் போல இருந்தது.

அவர் கிரேனை நிமிர்ந்து பார்த்தார். லீவுக்குப் பதில் வந்த ஆள் கூண்டிலிருந்து இறங்கிச் சாப்பிடப் போயிருந்தான். கொக்கி சும்மா தொங்கியது.

"அப்போ நீ எங்க நின்னுட்டிருந்த?" என்று தம்பியைக் கேட்டார்.

"கட்டுக்குக் கீழதாண்ணே. சங்கிலி பிசகியிருந்துச்சு, பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். கேட்டைத் தாண்டி, குழாய் அடுக்குகளுக்கு நடுவே இருந்த ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றோடு அவர் கிரேன் ஏறுவது நின்றது. ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு லாரிகளை எடை போடுகிற அறையில் நாற்காலி கொடுத்தார்கள். அங்கே கை இரண்டு செகண்ட் தாமதமாக எழுதினாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. தெரிந்தும் சொல்லாததற்காக என் தம்பிக்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. இன்ஸ்பெக்டருக்கு மாத்திரையை முழுக்க நிறுத்த ஏழு வாரம் ஆயிற்று. அதன் வயிற்றில் எந்தக் காலத்திலும் எந்தக் கோளாறும் இருந்ததில்லை, ஈரமானதோ காய்ந்ததோ எதை வேண்டுமானாலும் போடுங்கள் என்று நாய் டாக்டர் சொன்னார். தையல்காரி காய்ந்ததையே வாங்கிப் போகிறாள்.

ஆபீஸ் கதவு சாத்திய அந்த நேரத்துக்கு வருகிறேன். தையல்காரி மதிலோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மூணு நாளா," என்றேன்.

"மூணு நாளா தெனம் உன் கடைக்கு வந்தேனேக்கா."

அந்தப் பெரிய மழைக்கு மறுநாளும் அவன் கடைக்கு வந்திருப்பான். வில்லையைக் கடித்துக்கொண்டிருந்த என்னைக் கேலி செய்திருப்பான், டீ குடித்திருப்பான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்கவில்லை. சங்கு ஊதியது. அவன் பாதி ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் போனான். அடுத்த கட்டு உயர்ந்து, அவன் தலையைத் தாண்டி, தரையில் இறங்குகிறவரை நான் அங்கேயே நின்றேன்.